பழைய நெகட்டிவ், ஸ்லைடுகளை வீட்டிலேயே ஸ்கேன் செய்ய: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என்னிடம் ஒரு ஃபிலிம் ஸ்கேனர் இருக்கிறது என்று தெரிந்த நாளிலிருந்து யாராவது ஒருவர் பழைய டப்பா ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறார். டப்பாக்கள்தான் வேறு வேறு, கேள்விகள் ஏறக்குறைய அவையேதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துப்போனதால் எல்லாவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

நெகட்டிவ், ஸ்லைடு ரெண்டும் ஒன்றுதானே?

ரெண்டும் ஃபிலிம்தான், ஆனால் ஒன்றல்ல. நெகட்டிவில் வெளிச்சமும் இருட்டும் இடம் மாறியிருக்கும். வெள்ளைச் சட்டை கறுப்பாகத் தெரியும். கலர் நெகட்டிவாக இருந்தால் மொத்தமும் ஆரஞ்சு பூசியதுபோல இருக்கும். ஸ்லைடில் படம் நேராக, அதற்குரிய நிறத்திலேயே தெரியும். புரொஜக்டரில் போட்டுப் பார்ப்பதற்காக ஒவ்வொரு படத்தையும் தனியாக வெட்டி, 50 மி.மீ. சதுர அட்டையிலோ பிளாஸ்டிக் சட்டத்திலோ வைத்திருப்பார்கள்.

எதை வாங்கலாம் என்று யோசிக்கும் முன் அளவைப் பாருங்கள். இரண்டு ஓரமும் வரிசையாக ஓட்டை போட்ட ஃபிலிம் என்றால் அது 35 மி.மீ.; ஒரு படம் 24க்கு 36 மி.மீ. இருக்கும். ஓட்டையே இல்லாமல் அகலமாக, ஆறு சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் 120 ரோல். சுண்டுவிரல் நகம் அளவுக்குப் படம் இருந்தால் 110. வீட்டு உபயோகத்துக்கு வரும் ஃபிலிம் ஸ்கேனர்களில் பெரும்பாலானவை 35 மி.மீ. மட்டும்தான் எடுத்துக்கொள்ளும். ஸ்கேனரை வாங்கிவிட்டு, தாத்தாவின் 120 ரோல்களைக் கையில் வைத்துக்கொண்டு முழித்தவர்கள் உண்டு.

பிரிண்டுதான் ஆல்பத்தில் இருக்கிறதே, அதை ஸ்கேன் செய்தால் போதாதா?

நெகட்டிவ் தொலைந்துபோயிருந்தால் பிரிண்டுதான் கதி. இருக்கிறது என்றால் நெகட்டிவிலிருந்து எடுங்கள். பிரிண்டு என்பது ஏற்கெனவே ஒருமுறை நகலெடுத்தது. ஓரங்கள் வெட்டுப்பட்டிருக்கும். வெயிலில் நின்ற முகம் வெளுத்தும், நிழலில் நின்றவர் கறுத்தும் போயிருப்பார்கள். அதே நெகட்டிவில் அந்த இரண்டு முகமும் ஒழுங்காகப் பதிவாகியிருக்கும்.

ஆனாலும் ஆல்பத்தை ஒதுக்கிவிடாதீர்கள். பிரிண்டின் பின்பக்கம் எழுதியிருக்கும் தேதியும் பெயரும் நெகட்டிவில் கிடையாது. அதை மட்டுமாவது போனில் படம் பிடித்து வையுங்கள்.

வீட்டு ஸ்கேனரில் நெகட்டிவை வைத்தேன், வெறும் கறுப்பாக வருகிறது. பழுதா?

பழுதில்லை. காகிதத்தை ஸ்கேன் செய்யும் இயந்திரம் கீழிருந்து வெளிச்சம் அடித்து, திரும்பி வரும் ஒளியைப் படிக்கிறது. ஃபிலிமுக்கு ஒளி ஊடுருவிப் போக வேண்டும், அதாவது ஒரு பக்கம் விளக்கு, மறுபக்கம் கண். உங்கள் ஸ்கேனரின் மூடிக்குள் விளக்கு இருந்தால் மட்டுமே அது ஃபிலிமுக்கு ஆகும். வெள்ளைத் தாளை மேலே வைப்பது, டார்ச் அடிப்பது எல்லாம் செய்து பார்த்துவிட்டேன். ஏதோ தெரியும், அவ்வளவுதான்.

அப்படியானால் எதை வாங்குவது?

நான்கு வழிகள் இருக்கின்றன. முதலாவது, கம்ப்யூட்டரே தேவைப்படாத சிறு பெட்டி. உள்ளே ஒரு சின்ன கேமரா இருக்கும், பொத்தானை அழுத்தினால் இரண்டு நொடியில் படம் மெமரி கார்டில் ஏறிவிடும். வேகம் பிரமாதம், தரம் சுமார். பெரும்பாலும் ஜேபெக் மட்டும்தான் தரும், நிறத்தை அதன் இஷ்டத்துக்கு முடிவு செய்யும், தூசியை நீக்காது. என்னென்ன படம் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள மட்டும் என்றால் இதுவே போதும்.

இரண்டாவது, மூடியில் விளக்கு உள்ள பிளாட்பெட், அதாவது தாளைக் கண்ணாடிமேல் படுக்க வைத்து எடுக்கும் ஸ்கேனர். எப்சன் வி600, வி850 இந்த வகை. 120 ரோல், பழைய பெரிய நெகட்டிவ், பிரிண்டு எல்லாம் கலந்து வைத்திருக்கும் வீட்டுக்கு இதுதான் சரி. மூன்றாவது, 35 மி.மீ.க்கென்றே செய்த ஸ்கேனர், பிளஸ்டெக் ஆப்டிக்ஃபிலிம் போன்றவை. கூர்மை நன்றாக வரும், ஆனால் ஒவ்வொரு படமாகக் கையால் தள்ள வேண்டும். நிக்கான் கூல்ஸ்கேன் இதில் பெரிய பெயர். இப்போது தயாரிப்பில் இல்லை, பழையதாகத்தான் கிடைக்கும். அதை வாங்குகிறவர்கள், இன்றைய கம்ப்யூட்டரோடு அது பேசுமா என்று முதலில் பார்க்க வேண்டும். வியூஸ்கேன் என்ற மென்பொருள் கைவிடப்பட்ட பல ஸ்கேனர்களை இன்னும் ஓட்டுகிறது. நான்காவது வழி கேமரா. அது கொஞ்சம் பெரிய கதை, பின்னால் வருகிறேன்.

பிளஸ்டெக்கில் 8100, 8200ஐ என்று இரண்டு மாடல்கள் பார்ப்பதற்கு ஒன்றுபோலவே இருக்கும். பின்னதில் உள்ள 'ஐ' அகச்சிவப்புக் கதிரைக் குறிக்கிறது. அந்த ஒரு எழுத்துக்காகக் கூடுதல் காசு கொடுக்கலாம். ஏன் என்று தூசிக் கதையில் தெரியும்.

டப்பாவில் 7200 டிபிஐ என்று போட்டிருக்கிறது. அவ்வளவு வைத்தே எடுக்கட்டுமா?

அதிகம் கேட்கப்படுவதும் அதிகம் ஏமாற்றுவதும் இதுதான். டிபிஐ என்பது ஒரு அங்குலத்தில் ஸ்கேனர் எத்தனை புள்ளி வைக்கிறது என்ற கணக்கு. அத்தனை புள்ளியிலும் புதிதாக ஏதாவது தெரிகிறதா என்பது லென்ஸைப் பொறுத்தது. சோதனைக் கோடுகளை வைத்து அளந்தால், 7200 என்று போட்ட வீட்டு ஸ்கேனர் உண்மையில் மூவாயிரத்துச் சொச்சம்தான் காட்டும். 6400 என்று போட்ட பிளாட்பெட் இரண்டாயிரத்தைத் தொடுவதே கஷ்டம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 35 மி.மீ. படத்தை 2400-ல் எடுத்தால் சுமார் 3400க்கு 2270 பிக்சல், அதாவது 7.7 மெகாபிக்சல். 3600-ல் எடுத்தால் 5100க்கு 3400, அதாவது 17 மெகாபிக்சலுக்குச் சற்று மேல். 7200-ல் 69 மெகாபிக்சல்; நிறத்தை மிக நுணுக்கமாகப் பதியும் 48 பிட்டில் சேமித்தால் ஒரே படம் 400 எம்பியைத் தாண்டும். 4க்கு 6 அங்குல பிரிண்டுக்குத் தேவைப்படுவது 1800க்கு 1200 பிக்சல்தான். 3600-ல் எடுத்ததை 12க்கு 18 அங்குலம் வரை தாராளமாகப் போடலாம்.

என் வழக்கம் இது: ஃபிலிம் ஸ்கேனர் என்றால் 3600, பிளாட்பெட் என்றால் 2400. பழைய சாதாரண கேமராவில், கை ஆட எடுத்த படத்தில் அதற்கு மேல் தோண்டினால் கிடைப்பது ஃபிலிமின் குருணை, அதாவது அதிலேயே உள்ள பொடிப்பொடிப் புள்ளிகள் மட்டுமே. 110 மட்டும் விதிவிலக்கு. அந்தப் படம் 13க்கு 17 மி.மீ.தான் என்பதால், இருப்பதிலேயே அதிகமான அளவை வையுங்கள்.

ஒரு ரோலுக்கு எவ்வளவு நேரம்?

ஃபிலிம் ஸ்கேனரில், தூசி நீக்கத்தையும் போட்டு 3600-ல் எடுத்தால், ஒரு படத்துக்கு இரண்டு மூன்று நிமிடம் போகும். 36 படம் என்றால் ஒரு மாலை நேரம் போயிற்று. துடைப்பதும் பெயர் வைப்பதும் தனி.

ஆயிரக்கணக்கில் இருக்கிறது. எல்லாவற்றையும் செய்தாக வேண்டுமா?

தேவையில்லை. ஒரு வெளிச்சப் பலகையோ, வெள்ளைத் திரை போட்ட டேப்லெட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். நெகட்டிவை அதன்மேல் பரப்பி, போனில் நிறத்தைத் தலைகீழாக்கும் வசதியை இயக்கி, கேமராவைத் திறந்து பாருங்கள். முகங்கள் அங்கேயே தெரியும். ஒரு பட்டையில் வேண்டியவை எவை என்று குறித்துக்கொண்டு அவற்றை மட்டும் ஸ்கேன் செய்யலாம்.

என் அனுபவத்தில் ஆட்கள் இருக்கும் படங்களை ஒன்றுவிடாமல் எடுப்பது நல்லது. மலை, அருவி, சூரிய அஸ்தமனம் எல்லாவற்றையும் தாராளமாகத் தள்ளலாம். ஆனால் வீட்டு வாசல், தெரு, சமையலறை, பின்னால் நிற்கும் சைக்கிள் என்று அந்த நாளில் யாரும் மதிக்காமல் எடுத்த படம் ஏதாவது இருந்தால் விடாதீர்கள். ஸ்கேன் செய்து காட்டியபோது வீட்டில் எல்லோரும் கூடி நின்று பார்த்தவை அந்த வகைதான்.

தூசியை எப்படி எடுப்பது? துணியால் துடைக்கலாமா?

துணி வேண்டவே வேண்டாம், வாயால் ஊதவும் வேண்டாம். ஊதினால் எச்சில் துளி படும், அது காய்ந்தால் கறை. ரப்பர் குமிழ் ஊதியால் இரண்டு பக்கமும் நாலைந்து முறை அடித்தாலே முக்கால்வாசி போய்விடும். மிச்சத்தை மென்மையான பிரஷ்ஷால் ஒரே திசையில் தட்டிவிடுங்கள். பருத்திக் கையுறை போட்டுக்கொண்டு, ஃபிலிமின் ஓரத்தை மட்டும் பிடியுங்கள். விரல்ரேகை காலப்போக்கில் படத்திலேயே ஊறிப்போகும்.

ஒட்டிக்கொண்ட அழுக்குக்கும் எண்ணெய்ப் பிசுக்குக்கும் 98 சதவீதத்துக்கு மேல் சுத்தமான ஐசோப்ரோபைல் ஆல்கஹாலைப் பஞ்சு உதிராத திசுவில் ஒரு துளி தொட்டு, பளபளப்பான பக்கத்தில் மெதுவாக இழுக்கலாம். முதலில் உதவாத ஒரு படத்தில் சோதியுங்கள். மருந்துக்கடையில் 70 சதவீதம் என்று கிடைப்பதில் மிச்சம் தண்ணீர், அது ஆகாது. அட்டைச் சட்டம் போட்ட ஸ்லைடில் அட்டையின் நாரே படத்தின் ஓரத்தில் முடிபோல நீட்டிக்கொண்டு நிற்கும். அதையும் பிரஷ்ஷால் எடுத்துவிடுங்கள்.

ஆள் இடது கையால் எழுதுகிற மாதிரி வந்திருக்கிறது. அவர் வலது கைக்காரர்!

ஃபிலிமைத் திருப்பி வைத்துவிட்டீர்கள். ஒரு பக்கம் பளபளவென்றும் மறுபக்கம் கொஞ்சம் மங்கலாகவும் இருக்கும். மங்கல் பக்கத்தில்தான் படப்பூச்சு இருக்கிறது. பளபளப்பான பக்கம் உங்களைப் பார்க்கும்படி பிடித்தால் ஓரத்தில் உள்ள எண்ணும் எழுத்தும் நேராகப் படிக்க வரும், படமும் சரியாக இருக்கும். எந்தப் பக்கம் மேலே வர வேண்டும் என்பது ஸ்கேனருக்கு ஸ்கேனர் மாறும். முதல் பட்டையில் ஒரு கடைப் பலகையோ வண்டி எண்ணோ உள்ள படத்தை எடுத்துப் பார்த்துவிட்டால் அப்புறம் குழப்பமில்லை. ஏற்கெனவே எடுத்துவிட்டதை மென்பொருளில் இடவலமாகத் திருப்பினாலும் போதும், திரும்ப ஸ்கேன் செய்ய வேண்டாம்.

தூசியைத் தானாகவே நீக்கும் என்று ஒரு பொத்தான் இருக்கிறதே, அது என்ன மாயம்?

டிஜிட்டல் ஐஸ், ஐஎஸ்ஆர்டி என்று ஒவ்வொரு மென்பொருளும் ஒரு பெயர் வைத்திருக்கிறது, அடிப்படை ஒன்றுதான். கலர் ஃபிலிமில் படமாக இருப்பது சாயம், அந்தச் சாயம் அகச்சிவப்புக் கதிரைத் தடுக்காது. தூசியும் கீறலும் தடுக்கும். ஆகவே ஸ்கேனர் ஒருமுறை அகச்சிவப்பில் பார்த்தால் படம் காணாமல் போய், தூசியும் கீறலும் மட்டும் ஒரு வரைபடம்போலக் கிடைக்கும். அந்த இடங்களைச் சுற்றியுள்ள நிறத்தைக் கொண்டு நிரப்பிவிடுகிறது.

இதற்கு ஸ்கேனரிலேயே அகச்சிவப்பு விளக்கு இருக்க வேண்டும். இல்லாத ஸ்கேனர்களில் 'தூசி நீக்கம்' என்று வருவது வெறும் ஊகம். அது கண்ணில் விழும் ஒளிப்புள்ளியையும் தூசி என்று நினைத்து அழித்துவிடும், அதைப் போடாதீர்கள். உண்மையான அகச்சிவப்பு இருந்தாலும் முதலில் ஊதித் துடைத்துவிட்டுத்தான் போட வேண்டும்.

கறுப்பு வெள்ளையில் அதைப் போட்டேன், முகமெல்லாம் சிதைந்துவிட்டது.

முந்தைய பதிலிலேயே காரணம் இருக்கிறது. பழைய கறுப்பு வெள்ளை ஃபிலிமில் படமாக நிற்பது வெள்ளி. வெள்ளி அகச்சிவப்பைத் தடுக்கும். ஸ்கேனர் உங்கள் பாட்டியின் முகத்தையே தூசி என்று நினைத்துவிட்டது. அணைத்துவிட்டு, 16 பிட் கிரேஸ்கேலில், அதாவது நிறமில்லாமல் சாம்பல் சாயல்கள் மட்டும் பதியும் அமைப்பில் எடுங்கள். தூசியைப் பிறகு கையால்தான் அகற்ற வேண்டும், வேறு வழியில்லை. இல்ஃபோர்ட் எக்ஸ்பி2 போல, கலர் ஃபிலிம் கழுவும் முறையிலேயே கழுவப்படும் சில கறுப்பு வெள்ளை ஃபிலிம்கள் உண்டு. அவற்றில் வெள்ளி இருக்காது என்பதால் தாராளமாகப் போடலாம்.

சில ஸ்லைடுகள் மட்டும் நீலம் பாய்ந்து வருகின்றன, தூசிநீக்கமும் அதில் சொதப்புகிறது.

சட்டத்தில் கோடாக்ரோம் என்று இருக்கிறதா பாருங்கள். மங்கல் பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் படம் புடைப்புச் சிற்பம்போல மேடு பள்ளமாகத் தெரிந்தாலும் அதுதான். 1935-ல் வந்து 2009-ல் நிறுத்தப்பட்ட ஃபிலிம் அது. மற்ற ஸ்லைடுகளில் நிறம் உண்டாக்கும் பொருள் ஃபிலிமுக்குள்ளேயே இருக்கும், கோடாக்ரோமில் கழுவும்போதுதான் நிறத்தைச் சேர்ப்பார்கள். அதனால் அதன் சாயம் வேறு, ஸ்கேனர் அதைப் பார்க்கும் விதமும் வேறு. சில்வர்ஃபாஸ்ட், வியூஸ்கேன் என்ற ஸ்கேனர் மென்பொருள்கள் இரண்டிலும் கோடாக்ரோம் என்று தனித் தேர்வு இருக்கிறது, அதைப் போட்டால் நீலம் அடங்கும். தூசிநீக்கத்தைக் குறைந்த அளவில் வைத்து ஒரு படத்தில் பாருங்கள், ஓரங்கள் கடிபட்டதுபோல வந்தால் அணைத்துவிடுங்கள்.

கலர் நெகட்டிவை ஃபோட்டோ மென்பொருளில் தலைகீழாக்கினேன். எல்லாம் நீலமாக இருக்கிறதே?

ஆரஞ்சைத் தலைகீழாக்கினால் நீலம்தான் வரும். அந்த ஆரஞ்சு கறையல்ல, வேண்டுமென்றே வைத்தது. நெகட்டிவின் சாயங்கள் நூறு சதவீதம் சுத்தமானவை அல்ல, தடுக்க வேண்டிய நிறத்தோடு வேறு நிறத்தையும் கொஞ்சம் தடுக்கும். அந்தப் பிழை படம் முழுக்க ஒரே அளவாக இருந்தால் பிரிண்டு போடும்போது மொத்தமாகக் கழித்துவிடலாம் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. காகிதத்தில் பிரிண்டு போடுகிறவர் அதைக் கழித்துக்கொண்டார். இப்போது அந்த வேலை உங்கள் தலையில்.

ஸ்கேனர் மென்பொருளில் 'கலர் நெகட்டிவ்' என்று தேர்ந்தெடுத்தால் அதுவே கழித்துவிடும். நீங்களே செய்வதானால், படமே விழாத வெறும் ஆரஞ்சு ஓரத்தைக் காட்டி அதை வெறுமை என்று சொல்லிவிட்டு, அப்புறம் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியாக இழுத்துச் சரிசெய்ய வேண்டும். இலவச மென்பொருளான டார்க்டேபிளில் நெகடாக்டர் என்று இதற்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. லைட்ரூம் வைத்திருப்பவர்கள் நெகட்டிவ் லேப் ப்ரோ பயன்படுத்துகிறார்கள். எதுவானாலும், ஒரே ரோலில் உள்ள எல்லாப் படத்துக்கும் ஒரே அமைப்பு என்று நம்பி விட்டுவிடாதீர்கள். வெயிலில் எடுத்ததும் குழல்விளக்கில் எடுத்ததும் அடுத்தடுத்து இருக்கும்.

ஸ்லைடு மொத்தமும் சிவந்துபோயிருக்கிறது. மீட்க முடியுமா?

பெருமளவு முடியும். காலப்போக்கில் சாயங்கள் ஒரே வேகத்தில் மங்குவதில்லை. பழைய கலர் ஃபிலிம் பலவற்றில் முதலில் போவது சயான் என்ற நீலப்பச்சைச் சாயம், மிஞ்சுவது சிவப்பு. போன சாயம் முழுவதும் போகவில்லை, மெலிந்திருக்கிறது. 48 பிட்டில் ஸ்கேன் செய்து ஒவ்வொரு நிறத்தின் அளவையும் தனியாக நீட்டினால் வானம் மறுபடி நீலமாகும். ஸ்கேனர் மென்பொருளில் 'நிறம் மீட்பு' என்ற தேர்வும் இதைத்தான் செய்கிறது. கோடாக்ரோம் இருட்டில் வைத்தால் ஆண்டுக்கணக்கில் அப்படியே நிற்கும், ஆனால் புரொஜக்டர் வெளிச்சத்தில் சீக்கிரம் மங்கும். எல்லோரும் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்த ஸ்லைடுதான் அதிகம் வெளுத்திருக்கும், பாவம்.

படத்தின்மேல் எண்ணெய் மிதக்கிற மாதிரி வட்ட வட்டமாக வருகிறதே?

நியூட்டன் வளையங்கள். ஃபிலிமின் பளபளப்புப் பக்கம் கண்ணாடியைத் தொட்டும் தொடாமலும் இருக்கும்போது, நடுவில் உள்ள மெல்லிய காற்றுப்படலத்தால் வருவது. நெகட்டிவை நேராகக் கண்ணாடிமேல் வைக்காமல், ஸ்கேனரோடு வந்த சட்டத்தில் வைத்தால் போய்விடும். ஃபிலிம் வளைந்து கண்ணாடியைத் தொடுகிறதென்றால், உறையில் போட்டு, கனமான புத்தகங்களுக்கு அடியில் சில நாள் வையுங்கள். எதிர்ப்பக்கம் சுருட்டி நிமிர்த்த வேண்டாம். பழைய ஃபிலிம் முறியும்.

டிஃப்பில் சேமிப்பதா, ஜேபெக்கில் சேமிப்பதா?

ரெண்டும். மூலப்படம் 48 பிட் டிஃப் (படத்தின் தகவலை இழக்காமல் வைக்கும் கோப்பு வகை), எல்லோருக்கும் அனுப்புவதற்கு அதிலிருந்து எடுத்த ஜேபெக். நிறத்தை நீட்டிச் சரிசெய்யும் வேலை இருக்கிறது என்று மேலே சொன்னேன் அல்லவா, ஜேபெக்கில் அதற்கு இடம் குறைவு. இழுத்தால் வானத்தில் படிப்படியாகக் கோடு விழும். 3600-ல் எடுத்த டிஃப் ஒன்று சுமார் 100 எம்பி வரும். ஆயிரம் படம் என்றால் 100 ஜிபி. அது கூடுதல் என்று தோன்றினால், நல்ல படங்களுக்கு மட்டும் டிஃப் வையுங்கள், மற்றவற்றுக்கு உயர்தர ஜேபெக் போதும்.

மூன்று பிரதி, இரண்டு வகை சாதனம், ஒன்றாவது வேறு வீட்டில். ஒரே ஹார்ட் டிஸ்கில் வைத்துவிட்டு நிம்மதியாக இருந்தேன் ஒருகாலத்தில். அது 'டிக் டிக்' என்று சத்தம் போட்ட நாளில் இருநூற்றுச் சொச்சம் நெகட்டிவை மறுபடி முதலிலிருந்து ஸ்கேன் செய்தேன்.

எல்லாப் படமும் இன்றைய தேதியில் போய் நிற்கிறது. எப்படி வரிசைப்படுத்துவது?

ஸ்கேனர் எழுதும் தேதி ஸ்கேன் செய்த தேதி. படம் எடுத்த நாளை நீங்கள்தான் எழுத வேண்டும். எக்ஸிஃப்டூல் என்ற இலவசக் கருவியில் ஒரு கோப்புறை முழுவதற்கும் ஒரே கட்டளையில் மாற்றலாம். கட்டளை எழுதாமல் திரையில் பொத்தானை அழுத்திச் செய்யும் மென்பொருள்தான் வேண்டுமென்றால் டிஜிகேம் இருக்கிறது. ஆண்டு மட்டும் தெரிந்தால் ஜனவரி 1 என்று போட்டு, 'தேதி உத்தேசம்' என்று குறிப்பில் எழுதுங்கள். 1970-க்கு முந்தைய தேதியைக் கண்டால் சில மென்பொருள்கள் தடுமாறும். அதனால் கோப்பின் பெயரிலேயே ஆண்டையும் வைத்துவிடுவது நல்லது: ஆண்டு, ரோல் எண், படத்தின் எண். படத்தின் எண்ணை ஃபிலிம் ஓரத்திலேயே அச்சிட்டிருக்கிறார்கள், 12, 12ஏ என்று. ஒரு ரோலில் எது முன்னால், எது பின்னால் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

யார் யார் நிற்கிறார்கள் என்பதுதான் உண்மையான வேலை. ஸ்கேன் முழுவதும் முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். பத்துப் படம் ஆனதும் வீட்டுப் பெரியவரிடம் காட்டி, அவர் சொல்வதைப் போனில் ஒலிப்பதிவு செய்யுங்கள். 'இது யார் தாத்தா?' என்று கேட்டால் பெயர் மட்டும் வராது, அந்த நாளே வரும். ஆறு மாதம் டிபிஐ பற்றி ஆராய்ந்துவிட்டு, அப்புறம் கேட்க ஆளில்லாமல் போனவர்களை எனக்குத் தெரியும்.

நெகட்டிவில் சிலந்திவலை மாதிரி படர்ந்திருக்கிறது. கழுவிவிடலாமா?

தண்ணீரில் மட்டும் போடாதீர்கள். அது பூஞ்சை. படப்பூச்சு ஜெலட்டினால் ஆனது, பூஞ்சைக்கு அது உணவு. பூஞ்சை தின்ற ஜெலட்டின் தண்ணீரில் கரையும். நான் ஒருமுறை நல்லெண்ணத்தோடு நனைத்து, முகம் இருந்த இடம் வழுவழுவென்று கையோடு வந்துவிட்டது. மேலே சொன்ன ஆல்கஹாலால் பளபளப்புப் பக்கத்தைத் துடைக்கலாம். பூச்சுப் பக்கத்தில் லேசாகத் தொடுவதற்கு மேல் முயற்சி வேண்டாம். தின்றுபோன இடம் திரும்பாது.

முதலில் இருக்கிறபடி ஸ்கேன் செய்துகொள்ளுங்கள். துடைப்பதெல்லாம் அதற்குப் பிறகு. பூஞ்சை பிடித்ததை மற்றவற்றிலிருந்து பிரித்து வையுங்கள்.

டப்பாவைத் திறந்தால் வினிகர் வாசனை அடிக்கிறது.

அந்த ஃபிலிமை வரிசையில் முதலாவதாக ஸ்கேன் செய்யுங்கள். ஃபிலிமின் அடித்தளமான அசிட்டேட் சிதையும்போது அசிட்டிக் அமிலம் வெளியாகிறது, வினிகரும் அதேதான். வெளியான அமிலமே சிதைவை மேலும் வேகப்படுத்தும், பக்கத்தில் உள்ள ஃபிலிமுக்கும் பரவும். அடித்தளம் சுருங்கும், படப்பூச்சு சுருங்காது, கடைசியில் பூச்சு மடிந்து மடிந்து எழும்பும். நிறுத்த முடியாது, குளிரில் வைத்தால் மெதுவாகும்.

மிகப் பழைய ஃபிலிமாக இருந்து, மஞ்சளாகிப் பிசுபிசுத்து, ஓரத்தில் ஆங்கிலத்தில் 'சேஃப்டி' என்ற சொல்லும் இல்லாமல் இருந்தால் நைட்ரேட்டாக இருக்கலாம். எளிதில் தீப்பற்றும் வகை அது. கோடாக் 1951-ல் அதன் தயாரிப்பை அடியோடு நிறுத்தியது. அதைச் சூடாகும் எந்த இயந்திரத்திலும் வைக்காமல் ஆவணக்காப்பகம் நடத்துகிறவர்களிடம் கேளுங்கள்.

கழுவாத ரோல் ஒன்று கிடைத்தது. திறந்து பார்க்கலாமா?

கூடாது, வெளிச்சம் பட்டால் போச்சு. உருளையில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். சி-41 என்றால் 1972-க்குப் பிந்தைய கலர் நெகட்டிவ் முறை. இன்றும் கழுவுகிறார்கள், நிறம் மங்கலாக வந்தாலும் படம் வர வாய்ப்பு உண்டு. அதற்கு முந்தைய சி-22, அப்புறம் கோடாக்ரோம், இரண்டையும் இப்போது கறுப்பு வெள்ளையாகத்தான் எடுக்க முடியும். கோடாக்ரோமைக் கலரில் கழுவிய கடைசி ஆய்வகம் 2010 இறுதியோடு ரோல் வாங்குவதை நிறுத்திவிட்டது. பழைய ஃபிலிமில் பழக்கமுள்ள ஆய்வகமாகப் பார்த்துக் கொடுங்கள்.

நல்ல கேமரா இருக்கிறது. ஸ்கேனருக்குப் பதில் அதிலேயே எடுத்துவிடலாமே?

எடுக்கலாம், நூற்றுக்கணக்கான ரோல் இருந்தால் அதுதான் வேகமும். மிக நெருங்கி, பொருளை அதன் உண்மை அளவிலேயே பதியும் மேக்ரோ லென்ஸ், அசையாத ஸ்டாண்டு, நிறக் குறியீடு (சிஆர்ஐ, நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டுகிறது என்ற அளவு) 95-க்கு மேல் உள்ள எல்ஈடி பலகை, ஃபிலிமைத் தட்டையாகப் பிடிக்கும் சட்டம், இவ்வளவும் வேண்டும். லென்ஸின் திறப்பை எஃப்8-ல் வைத்து, கேமரா எதையும் மாற்றாமல் பதியும் ரா வடிவில் எடுங்கள். கேமராவும் ஃபிலிமும் இணையாக இருக்கின்றனவா என்று பார்க்க ஒரு தந்திரம் உண்டு. ஃபிலிம் இருக்கும் இடத்தில் சின்னக் கண்ணாடியை வைத்து, லென்ஸின் பிம்பம் திரையின் நடுவில் விழும்வரை சரிசெய்யுங்கள். அகச்சிவப்புத் தூசிநீக்கம் கிடையாது, ஆரஞ்சைக் கழிப்பதும் உங்கள் வேலை. டேப்லெட் திரையை விளக்காக வைக்கிறவர்கள் ஃபிலிமைத் திரையிலிருந்து சில சென்டிமீட்டர் தூக்கி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் திரையின் புள்ளிகளும் படத்தில் விழும்.

செயற்கை நுண்ணறிவு மென்பொருளில் போட்டால் முகம் தெளிவாகிறதாமே?

தெளிவாகத்தான் ஆகிறது, அது உங்கள் பெரியம்மாவின் முகமாக இருக்கும் என்பதற்கு மட்டும் உத்தரவாதமில்லை. ஃபிலிமில் இல்லாத கண்ணிமையை மென்பொருள் வேறு முகங்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டு வரைகிறது. கீறலை மறைக்கப் பயன்படுத்துங்கள். மாற்றியதைத் தனிப் பெயரில் வையுங்கள், மூலத்தின் மேலேயே சேமிக்காதீர்கள்.

ஸ்கேன் ஆயிற்று. இனி நெகட்டிவைத் தூக்கிப் போட்டுவிடலாமா?

வேண்டாம். ஹார்ட் டிஸ்க் கதையை மேலே சொன்னேன், அன்று காப்பாற்றியது அந்த நெகட்டிவ்தான். பாலிப்ரோப்பிலீன் உறைகளில் போடுங்கள். பிவிசி உறையிலிருந்து கசியும் பொருள் ஃபிலிமைக் கெடுக்கும். ரப்பர் பேண்டு, பசை டேப் எதுவும் படக் கூடாது. ஈரப்பதம் 30 முதல் 50 சதவீதத்துக்குள் இருக்கும் இடம் நல்லது. பரணும் குளியலறையை ஒட்டிய அலமாரியும் வேண்டாம். சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டால் அவ்வப்போது மாற்ற வேண்டும்.

ஃபிலிமை உள்ளே வைக்கும் முன் உறையின் மேல் ரோல் எண்ணை எழுதுங்கள், கோப்பின் பெயரில் வைத்த அதே எண். வைத்த பிறகு எழுதினால் பேனாவின் அழுத்தம் ஃபிலிமில் பதிந்துவிடும்.